நத்தைகுத்தி நாரைகள் மீதான புகார்

திருத்தணி,
28-11-2022

அன்புள்ள கௌரி அக்காவுக்கு,

உன் தம்பி துளசிங்கம் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் கடிதம் என்றால் அந்த வரி இருந்தாக வேண்டும் என்பதால் கேட்டு வைக்கிறேன்.

திருத்தணியிலிருந்து ஈச்சந்தாங்கலுக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இந்தக் கடிதமோ எந்தெந்த ஊர் தபால் பையிலோ படுத்துத் தூங்கி எழுந்து மூன்று நாள் கழித்துத்தான் உன் கைக்கு வரும். வேறு வழி? வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் வரலாம் என்றால், "ஊருக்குள்ள கால வெச்சிப் பாரு, முட்டிக்கு மேல ஒண்ணும் மிஞ்சாது" என்று மோனிஷா கல்யாணத்தன்று ஐந்நூறு பேர் நடுவில் நீ சொன்னதைக் கேட்டவர்களில் இருநூறு பேர் இன்னும் என்னைப் பார்த்தால் முட்டியைப் பார்க்கிறார்கள்.

அந்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நடந்தது இதுதான். நான் மணப்பெண்ணின் தாய்மாமன். அதே நேரத்தில் போட்டோகிராபர். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் கொடுத்தது உன் தப்பு என்று சொல்ல மாட்டேன், நினைத்துக்கொள்வேன். மலைமேல் முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த நொடியில் கோபுரத்துக்கு மேலே அறுபது நத்தைகுத்தி நாரைகள் வட்டம் போட்டன. கெட்டிமேளம் காதில் விழுந்தது, அக்கா. சத்தியமாக விழுந்தது. கை மட்டும் மேலே போய்விட்டது. ஆல்பத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு படம் இருக்கிறது. தாலி கட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. கட்டிய பிறகு இருக்கிறது. நடுவில் பதினோரு நாரைப் படம் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறவன், மொட்டை அடித்து வீறிட்டு அழும் குழந்தையையே சிரிக்க வைத்துப் படம் எடுப்பவன், சொந்த அக்கா மகளின் தாலியைக் கோட்டை விட்டேன். மன்னிப்பு கேட்கிறேன். இது நாற்பதாவது தடவை.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. உங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஒரு சேதி சொன்னார். ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களை வெட்டி ஏலம் விட ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானம் போடப் போகிறாயாம். ஊராட்சித் தலைவி நீ. நீ கையெழுத்துப் போட்டால் மறுநாளே ரம்பத்தோடு ஆள் வந்துவிடும்.

அக்கா, அந்த மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. நேற்று வரை எண்ணியதில் நூற்று நாற்பத்து மூன்று கூடு. நான்கு வருடமாக அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரும் ஜூனில் சென்னையில் கண்காட்சி வைக்கப் போகிறேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றும் கதவு அளவுக்குப் பெரிய படம். அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்வதற்காக மட்டும் இல்லை. இந்த மாதிரி சின்ன ஏரிகளை யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மரம் போய்விட்டால் அது கண்காட்சி இல்லை, கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டு மாலையோடு கொடுப்பது என் தொழிலில் பாதி. அந்தப் பறவைகளுக்கும் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

தீர்மானத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?

முட்டியோடு இருக்கும்,
துளசிங்கம்

*

ஈச்சந்தாங்கல்,
5-12-2022

அனுப்புநர்: தலைவர், ஈச்சந்தாங்கல் ஊராட்சி.
பெறுநர்: திரு. துளசிங்கம், போட்டோ ஸ்டுடியோ, மலையடிவாரம், திருத்தணி.
பொருள்: ஏரி மரங்கள் – ஏலம் – ஆட்சேபணை – தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம் நாள் 28-11-2022.

ஐயா,

பார்வையில் காணும் தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேனா நிற்கவில்லை.

டேய், ஆல்பத்தைப் பார்க்க மோனிஷாவின் மாமியார் வந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தாலி பக்கம் வர வேண்டிய இடத்தில் மூக்கு நீண்ட ஒன்று வானத்தில் பறக்கிறது. "இது யார் வீட்டு ஆளு?" என்று கேட்டார் பார்.

உனக்கு நாரை தெரியும். ஊர் தெரியாது. கிழக்குத் தெருவில் இருபத்தாறு வீட்டில் தறி ஓடுகிறது. கைலிக்குப் பாவு விரிக்க ஏரிக்கரையை விட்டால் அவர்களுக்கு நீளமான இடம் கிடையாது. விடியற்காலையில் நூலை நாற்பது கெஜத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துப் போக வேண்டும். தீபாவளியிலிருந்து எடுக்கும் பாவில் எல்லாம் வெள்ளைக் கறை. சிவப்பு நூலில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி. கஞ்சியோடு சேர்ந்து காய்ந்துவிட்டால் துவைத்தாலும் போகாது. கடைக்காரர் துணியைத் திருப்பி அனுப்புகிறார்.

குமரேசன் தெரியுமில்லையா, தறிக்காரர்களுக்கு எல்லாம் முன்னால் நின்று பேசுகிறவன். போன மாதம் ஒரு கறைப் பாவைத் தூக்கி வந்து என் ஆபீஸ் மேஜை மேல் விரித்தான். "தலைவரே, இத்த நெய்ஞ்சி தர்றேன், கட்டிக்கினு கலெக்டர் ஆபீஸ் போயிட்டு வாங்க" என்றான். எல்லோர் முன்னாலும். தேர்தலில் என்னை எதிர்த்து நின்று தோற்ற பூபாலன் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் நாரைக் கூட்டம் பெருகியது தீபாவளிக்கு. கறை வந்தது தீபாவளிக்கு. மரம் போனால் நாரை போகும். நாரை போனால் கறை போகும். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும். உனக்கு வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

ஊருக்குள் வராதே என்று சொன்னது அமலில் உள்ளது.

இப்படிக்கு,
கௌரியம்மாள்,
தலைவர்

*

திருத்தணி,
21-12-2022

மாண்புமிகு தலைவர் அக்காவுக்கு,

உத்தரவை மீறவில்லை. ஊருக்குள் வரவில்லை. ஏரியின் அக்கரை பக்கத்து ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வரைபடம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். வேண்டுமானால் வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு அளந்துகொள்.

பறவைகளைப் பயமுறுத்தாமல் படம் எடுக்க மறைவு ஒன்று வேண்டும். மற்றவர்கள் இதற்கென்றே விற்கும் பச்சைக் கூடாரம் வாங்குவார்கள். நான் சிக்கனக்காரன். ஸ்டுடியோவில் பழைய பின்னணித் துணி ஒன்று சுருட்டிக் கிடந்தது. நினைவிருக்கிறதா, அருவியும் பனிமலையும் சிவப்பு ரோஜாவும் வரைந்தது? நீயும் பாவாவும் கல்யாணமான புதிதில் அதன் முன்னால்தான் நின்றீர்கள். அதை நாலு கழியில் கட்டி உள்ளே புகுந்துகொண்டேன். வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது. ஓவியப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும். நான் வெளியே வைத்துக் கட்டிவிட்டேன். பழக்க தோஷம். ஈச்சம்புதருக்கு நடுவில் காஷ்மீர். ஒரு வெள்ளாடு வந்து ரோஜாவை நக்கிப் பார்த்து, ஏமாந்து, என்னைப் பார்த்த பார்வை மோனிஷா மாமியாரின் பார்வை.

நாரைகளுக்கு மட்டும் எந்த ஆட்சேபணையும் இல்லை. அக்கா, ஒரு நாள் வந்து பாரேன். ஆண் நாரை குச்சி கொண்டுவந்து கொடுக்கும். பெண் வாங்கிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் கீழே போட்டுவிடும். அது மறுபடி போய் வேறு குச்சி கொண்டுவரும். ஒன்று விடாமல் பதினேழு குச்சி நிராகரிக்கப்பட்ட ஓர் ஆணைப் பார்த்தேன். ஊராட்சிக்கு மனு கொடுத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் அலகு முழுதாக மூடாது, நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிப்பதற்கு. பிறக்கும்போது அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். நம் குடும்பத்திலும் வயதாக ஆகத்தான் வாய் மூடுவதில்லை.

மார்கழிப் பனியில் மரமே தெரியாது. மரம் இருக்கிற இடத்தில் வெறும் கால்களும் கழுத்துகளும் தெரியும். மை கொஞ்சமாகத் தொட்டு எழுதிய மாதிரி. அப்படி ஒரு படம் கிடைத்தது. எடுத்த பிறகு பத்து நிமிடம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி சும்மா உட்கார்ந்திருந்தான் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

குமரேசன் ஒரு நாள் கரையைச் சுற்றி என்னைத் தேடி வந்தான். "இன்னா சார், அது எங்க பாவு மேல சுண்ணாம்பு அடிச்சிகினு போவுது, நீங்க அதுக்குப் போட்டோ புடிச்சிகினு கீறீங்க! எங்க கறைக்கும் ஒரு போட்டோ புடிங்களேன்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது சரியான வேலையாகத் தோன்றுகிறது.

யோசித்துப் பார். இருபது நாளாக விடியலில் இங்கே இருக்கிறேன். வெயில் ஏறிக் காற்று சூடாகும் வரை இந்த நாரைகள் மரத்தை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. எட்டரை மணிக்கு மேல்தான் எழும்புகின்றன. ஏரிக்கு நடுவிலேயே வட்டமடித்து உயரம் போய், கிழக்கே வயல்வெளிக்குப் போகின்றன. பாவு விரிப்பது மேற்குக் கரையில், எட்டு மணிக்குள் சுருட்டியும் விடுகிறார்கள். பிறகு எப்படி அதன் மேல் விழும்?

பாவு விரிக்கிற இடத்தில் பொங்கல் வரை விடியலில் உட்கார அனுமதி கொடு. காஷ்மீரைக் கொண்டுவர மாட்டேன்.

மனுதாரர்,
துளசிங்கம்

*

ஈச்சந்தாங்கல்,
26-12-2022

துளசி,

உன் காஷ்மீரை ஊரே பார்த்துவிட்டது. உன் பாவா காலையில் புறாக்களைத் திறந்துவிட மாடிக்குப் போனவர், "கௌரி, ஏரிக்கு அந்தாண்ட அருவி ஊத்துது, வந்து பாரேன்" என்று கத்தினார். ஆபரேஷனுக்குப் போட்ட மாத்திரை ஏதோ செய்கிறது என்று பயந்து ஓடினேன். பார்த்தால் நீ.

அப்புறம் ஒன்பது மணிக்கு மறுபடி மாடி ஏறி அரைமணி நேரம் நாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு குச்சி எல்லாம் இல்லை. நான் பார்த்தது ஆறாவது குச்சியை வாங்கி வைத்துக்கொண்டது. இதை எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று தறிக்காரர்கள் வந்திருந்தார்கள். நீ சொன்ன நேரக் கணக்கைச் சொன்னேன். குமரேசன் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயம்மாள், பாவுக்குக் கஞ்சி போடுகிறவள், "நாரை இல்லன்னா இன்னா, ஆகாசமே எச்சம் போடுதா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் மேல் இருந்த கோபமா, அவள் மேலா என்று தெரியவில்லை. "எது போடுதுன்னு போட்டோவோட காட்டறேன். எதுவா இருந்தாலும், யாரால ஆனாலும், கிராமசபையில பேரச் சொல்லிப் படிக்கறேன். காட்ட முடியலன்னா அன்னிக்கே மரத்துக்குத் தீர்மானம்" என்று சொல்லிவிட்டேன். பூபாலன் அதை உடனே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆகவே அனுமதி கொடுக்கிறேன். மேற்குக் கரையில் மட்டும். நம் தெருவுக்குள் வராதே. ஜனவரி 26 வரை அவகாசம்.

மலைப் படிகளுக்குப் பூஜை செய்யும் படிப் பண்டிகைக்கு அங்கே கூட்டம் வருமே, முப்பத்தொன்றாம் தேதி கடையை யார் பார்ப்பார்கள்? வருடத்தில் நீ உருப்படியாகச் சம்பாதிப்பதே அந்த ஒரு நாள்தான்.

கௌரி

*

திருத்தணி,
18-1-2023

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடி முடிந்ததா? இங்கே காணும் பொங்கலுக்கு மலையேறிய கூட்டத்தில் ஓர் ஆள், தன் மாட்டையும் சேர்த்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மாடு நன்றாக வந்திருந்தது.

மழை இல்லை. பனி இன்னும் விடவில்லை. எனக்கு இடது தோளில் கொஞ்சம் வலி. பெரிய லென்ஸைத் தூக்குவதால்.

பார், நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். இந்தக் கடிதத்தை இதோடு நான்காவது தடவை எழுதுகிறேன்.

இந்தக் கவருக்குள் இரண்டு சின்னக் கவர் இருக்கிறது. முதல் கவரை எங்கே வேண்டுமானாலும், யார் முன்னால் வேண்டுமானாலும் பிரி. அதில் நாரைப் படங்கள். குஞ்சுகள் பொரித்துவிட்டன. ஒன்றில் தாய் நாரை உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குடை பிடித்து நிற்கிறது, நிழலில் மூன்று குஞ்சு. எல்லாம் தூரத்தில் இருந்து எடுத்தது. கூட்டுக்குப் பக்கத்தில் போகவில்லை, பிளாஷ் போடவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் யோக்கியன்.

கடைசிப் படம் மேற்குக் கரை. கீழே பாவு நூல் கோடு கோடாகப் படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகிறது. மேலே வெகு தூரத்தில், வாயில் குச்சியோடு ஒற்றை நாரை மரத்துக்குத் திரும்புகிறது. பொங்கலன்று மட்டும் தாமதமாகப் பாவு விரித்தார்கள், அதனால் கிடைத்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு விளையாட்டாகப் பேச வரவில்லை, பார்த்தாயா.

இரண்டாவது கவரை நீ தனியாக இருக்கும்போது பிரி.

அதில் ஏழு படம். ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் இருக்கிறது. ஆறு இருபது, ஆறு முப்பத்தைந்து, ஏழு ஐந்து. பாவுக்கு நேர் மேலே மின்கம்பி போகிறது. கம்பியில் வரிசையாகப் புறா. குனிந்து நூலை நீவுகிறவர்கள் அந்தப் பனியில் அண்ணாந்து பார்ப்பதில்லை. கஞ்சி வடித்த சோற்றுப் பருக்கை கரையில் சிந்துகிறது இல்லையா, அதைப் பொறுக்கக் காத்திருக்கின்றன. காத்திருக்கும்போது என்ன செய்கின்றன என்பது மூன்றாவது படத்தில் தெளிவாக இருக்கிறது. நாரைகள் பின்னால் மரத்தில் தூங்குகின்றன. ஒரே படத்தில் குற்றவாளியும் நிரபராதியும். ஐந்தாவது படத்தில் ஒரு புறாவின் காலில் பச்சை வளையம் தெரிகிறது.

ஊரில் பச்சை வளையம் போட்ட புறா யார் வீட்டில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் பாவா அந்தக் கூட்டை மாட்டுக் கொட்டகையிலிருந்து மாடிக்கு மாற்றினார். நானும்தான் ஏணி பிடித்தேன்.

பைபாஸ் ஆனதிலிருந்து அவர் மனிதர்களிடம் பேசுவதைவிட அவற்றிடம்தான் அதிகம் பேசுகிறார். உன்னைச் சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூபாலன் செல்போனில் வீடியோவோடு உட்கார்ந்திருப்பான். இதெல்லாம் தெரிந்துதான் நான்கு தடவை எழுதினேன்.

இந்தப் படங்களை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நான், நீ, புறா. புறா சொல்லாது. நீ இதைக் கிழித்துப் போட்டாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மரத்துக்கு வேறு வழி ஏதாவது தேடுகிறேன். வனத்துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். போகிற வேகத்தைப் பார்த்தால் மரம் போன பிறகு பதில் வரும். பரவாயில்லை.

ஒரு தடவை உன் வீட்டு விசேஷத்தில் நாரை பக்கம் போய்விட்டேன். இரண்டாவது தடவை போக மாட்டேன்.

துளசி

*

ஈச்சந்தாங்கல்,
21-1-2023

துளசி,

இதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இரண்டு கவரையும் பிரித்தேன்.

26ஆம் தேதி நீ வராதே. நாரைப் படங்களைப் பெரிதாகப் போட்டு 25ஆம் தேதி பஸ்ஸில் அனுப்பு. எத்தனை முடியுமோ அத்தனை.

இதற்கு மேல் ஒன்றும் கேட்காதே.

கௌரி

*

திருத்தணி,
24-1-2023

அக்கா,

கேட்கவில்லை.

பன்னிரண்டு படம், கதவு அளவு. ஜூன் கண்காட்சிக்கு என்று போட்டது. பருத்திப் பஞ்சில் செய்த தாள். ஈரக் கையால் தொட வேண்டாம் என்று சொல். கண்டக்டர் டிரைவருக்குப் பின்னால் நிற்க வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். "டிக்கெட் எத்தினி பேருக்கு?" என்று கேட்டார். பன்னிரண்டு நாரைக்கு அரை டிக்கெட் என்று பேசி முடித்தேன்.

நீ என்ன செய்தாலும் சரி. ஆனால் சாப்பிட்டுவிட்டுச் சபைக்குப் போ. வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் வரும்.

துளசி

*

ஈச்சந்தாங்கல்,
28-1-2023

அன்புள்ள தம்பி துளசிக்கு,

இரண்டு நாளாக வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போதுதான் உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்று வைத்துவிட்டேன். பிளாக்கை எடுக்கத் தெரியவில்லை என்பதும் உண்மை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் பாவா முகத்தைப் பார்த்து என்னால் சோறு போட முடியவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போவேன். அவர் ஒரு புறாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது என்று ஊதிக்கொண்டிருப்பார். இறங்கி வந்துவிடுவேன். கடைசி வரை சொல்லவில்லை. அது என் கோழைத்தனம். உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சபையைப் பள்ளிக்கூடத்தில் வைக்காமல் ஏரிக்கரையில் வைத்தேன். உன் படங்களைப் பாவு கட்டும் கயிற்றிலேயே வரிசையாக மாட்டச் சொன்னேன். கொடியேற்றிவிட்டு எல்லோரும் அங்கே வந்தார்கள். ஜெயம்மாள் ஒரு படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தடவினாள். ஈரக் கை இல்லை, நான் பார்த்தேன். "இது பஞ்சு. நம்ம பஞ்சுதான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்த நூலும் நாரையும் இருக்கிற படத்துக்கு முன்னால் குமரேசன் வெகு நேரம் நின்றான். தான் இழுத்துக் கட்டிய நூலை அவன் அப்படித் தள்ளி நின்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது. "இழை ஒண்ணு தளர்ந்து கீது பாரு, இடது பக்கத்துல" என்றான். உன் படத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே குறை அதுதான், அதுவும் அவனுடையது.

ஐந்தாவது பொருள், ஏரி மரங்கள். எழுந்து நின்றேன். பூபாலன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

தாளில் எழுதி வைத்ததை அப்படியே படித்தேன். "பாவில் விழும் கறைக்கு நாரைகள் காரணம் அல்ல. புகைப்பட ஆதாரத்தின்படி காரணம், ஊராட்சி மன்றத் தலைவர் கௌரியம்மாள் வீட்டுப் புறாக்கள். எண்ணிக்கை நாற்பத்திரண்டு." ஏழு படத்தையும் முன் வரிசையில் கொடுத்தேன். கை மாறிக் கை மாறிப் போயிற்று.

ஏரியில் நாரைகள் அலகு தட்டிக்கொண்டிருந்தன. உன் பாவா இரண்டாவது வரிசையில் இருந்தார். அவர் கைக்குப் படம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பச்சை வளையத்தைப் பார்த்திருப்பார். எழுந்து நின்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர் மார்பில் இருக்கும் தையல்தான் கண்ணில் வந்தது.

"கௌரி, நீ படிச்சது தப்பு" என்றார்.

பூபாலன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளி வந்துவிட்டது அவனுக்கு.

"நாப்பத்திரண்டு இல்ல. நாப்பத்திநாலு. ரெண்டு குஞ்சு பொரிச்சி பத்து நாளாவுது. எழுதறத சரியா எழுது" என்றார்.

முதலில் சிரித்தது ஜெயம்மாள். அப்புறம் சபை முழுக்க. உன் பாவா சிரிக்கவில்லை. தறிக்காரர்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "எனக்குத் தெரியாதுபா. தெரிஞ்சிருந்தா உட்டிருக்க மாட்டேன். கூட்டோட எடுத்துடறேன்" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எடுத்துவிடுவார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் என்ன ஆவார் என்றும் புரிந்தது.

பூபாலன் எழுந்தான். "அப்போ மரத்துக்குப் பதிலா புறாவ ஏலம் உடலாமா தலைவரே?" என்றான்.

அவனுக்குப் பதில் சொன்னது நான் இல்லை, குமரேசன். "நீ உக்காருய்யா. மாமா, எட்டு மணிக்கு மேல கூட்டத் தொறந்து உடுங்க. நாங்க பாவ சுருட்டிடுவோம். அவ்ளோதான? இதுக்கு இன்னாத்துக்குக் கூட்ட எடுக்கறது?"

அவ்வளவுதான். தீபாவளியிலிருந்து எல்லோரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. உன் பாவா, "ஆங், எட்டரைக்கே தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தடாலென்று உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு நான் புதுத் தீர்மானத்தைப் படித்தேன். ஈச்சந்தாங்கல் ஏரி மரங்களை இனி ஏலம் விடுவதில்லை. நாரைகள் கூட்டில் இருக்கும் மாதங்களில் கரையில் பட்டாசு வெடிப்பதில்லை. கூடுகள் இருக்கும் மரங்களுக்கு எண் போட்டு ஊராட்சியே கணக்கு வைப்பது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். முதல் கை குமரேசனுடையது. இரண்டாவது ஜெயம்மாள். வயல்காரர்கள் எல்லோரும் தூக்கினார்கள். நாற்றைத் தின்கிற நத்தையை நாரை தின்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியுமாம். கேட்டால், "யாரும் கேக்கலையே" என்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு கை. எண்ணினேன். குமரேசன் ஒரு விஷயம் கேட்டான். அந்த நூல் படம் சென்னைக்குப் போய்விட்டு ஊருக்கே திரும்பி வர வேண்டுமாம், தறிக்காரர் சங்கத்தில் மாட்டுவார்களாம். தளர்ந்த இழையை மட்டும் சரி செய்து தர முடியுமா என்று கேட்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

தீர்மானம் நிறைவேறியது என்று நான் சொன்னதும் கை தட்டினார்கள் பார், அந்தச் சத்தத்தில் ஏரியே எழுந்தது. முந்நூறு நாரை இருக்கும். மரத்தை விட்டுக் கிளம்பி ஒரே வெள்ளையாகச் சபைக்கு மேலே வந்து வட்டம் போட்டன. ஊரே அண்ணாந்து பார்த்தது. கொஞ்ச நேரம் வெயில் கீழே வரவில்லை, துளசி. நானும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் யாரோ அழுதார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று சுற்று சுற்றிவிட்டு மரத்துக்குத் திரும்பின. யார் மேலும் ஒரு சொட்டு விழவில்லை. பூபாலன் தோளில் மட்டும் ஒரு கைப்பிடி அளவுக்கு விழுந்தது. வெள்ளைச் சட்டை என்பதால் அவன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தோளோடுதான் வந்து குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டான், ஆதரவு என்று.

உன் அக்கா,
கௌரி